யாழ்ப்பாணத்தில் றூட் கனால்: வேலை நல்லது, முகம் வீங்கினால்தான் பாடு

நகரத்துத் தனியார் பல் கிளினிக்குகளில் இப்போது நடக்கிற றூட் கனால் (பல் வேர்ச் சிகிச்சை) வேலைக்கு 5 இல் 4 புள்ளி தாராளமாகக் கொடுக்கலாம். அதே பல் இரவோடிரவாக வீங்கினால் கிடைக்கிற கவனிப்புக்கு 2 க்கு மேல் கொடுக்க மனம் வராது. எந்தக் கிளினிக்கின் பெயரும் இங்கே இல்லை. இந்தக் குறை ஓரிடத்தில் மட்டும் என்றால் பெயரைத் தேடுவதில் பயன் இருக்கும். இது பரவலாக உள்ள பழக்கம்.

பல்லின் வேருக்குள் ஓடும் கால்வாயின் நீளத்தை அளக்கும் சின்ன மின்கருவி, மோட்டரில் சுழலும் நிக்கல்-டைட்டேனியம் அரம், கணினித் திரையில் உடனே தெரியும் எக்ஸ்றே எல்லாம் பல இடங்களில் வந்துவிட்டன. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் நீளம் சராசரி 21 மில்லிமீற்றர். அரம் வேர் நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீற்றர் உள்ளேயே நிற்க வேண்டும். அளக்கும் கருவி இல்லாத காலத்தில் அது கைப்பக்குவத்தையும் எக்ஸ்றேயையும் நம்பி நடந்த வேலை. நுனியைத் தாண்டிப் போன அரம் அழுகிய சதையையும் கிருமியையும் எலும்புக்குள் தள்ளிவிடும். அடுத்த நாள் கன்னம் வீங்குவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

றப்பர் விரிப்பு விஷயத்தில் ஒரு புள்ளி குறைகிறது. பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடுகிற மெல்லிய றப்பர் துண்டு அது. எச்சில் கால்வாய்க்குள் போகாமலும், கழுவுகிற மருந்தும் சின்ன அரமும் தொண்டைக்குள் போகாமலும் காப்பது அதுதான். போடுகிற இடங்களும் உண்டு, பஞ்சுருளையோடு ஒப்பேற்றுகிற இடங்களும் உண்டு. முதல் நாளே 'றப்பர் போடுவீங்களோ டொக்டர்?' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல டொக்டர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

எப்போது வீங்கியது என்பதைப் பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். விறைப்பூசி போட்ட சில நிமிடத்தில், நோ பெரிதாக இல்லாமல் கன்னம் பொம்மினால், ஊசி முனை இரத்தக் குழாயைத் தொட்டிருக்கலாம். மேல்வாய்க் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் போடும் ஊசியில் இது நடக்கும். அழுத்திப் பிடித்துக் குளிர் வைத்தால் அடங்கும். பிறகு தோல் நீலமாகி, மஞ்சளாகி, மறைந்துவிடும்.

வீங்கிய இடத்தை விரலால் மெல்ல அமுக்கும்போது தோலுக்கடியில் நெறுநெறு என்று உணர்ந்தால் உள்ளே போயிருப்பது காற்று. கால்வாயை உலர்த்தக் காற்றூதியைப் பயன்படுத்தினால் இது வரும். கால்வாய்க்குள் காற்று ஊதவே கூடாது, கடதாசிக் குச்சியால்தான் உலர்த்த வேண்டும். பெரும்பாலும் சில நாளில் தானாக வற்றும். ஆனால் கழுத்துக்கு இறங்கினால், நெஞ்சு நொந்தால், மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது வகை வீக்கம்தான் எல்லாவற்றிலும் பயங்கரமானது. கால்வாயைக் கழுவப் பாவிப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். 0.5 முதல் 5.25 சதவீதம் வரை பாவிப்பார்கள். செத்த சதையைக் கரைக்க இதைவிட நல்ல மருந்து இல்லை. உயிருள்ள சதையில் பட்டால் அதையும் கரைக்கும். ஊசி கால்வாய்க்குள் இறுகி நிற்கும்போது சிறிஞ்சை அமுக்கினால் மருந்து நுனி வழியாக எலும்புக்குள் பாயும். விறைத்திருக்கும்போதே தீப்பட்டதுபோல நோ, சில நிமிடத்தில் வீக்கம், கால்வாயிலிருந்து இரத்தம், அடுத்த நாட்களில் கண்ணுக்குக் கீழே வரை கருநீலம் எல்லாம் வரும். மேல் பல்லாக இருந்தால் சில வேளை தொண்டையில் குளோரின் மணமும் அடிக்கும். அந்த இடத்திலேயே நிறுத்தி, உப்புக் கரைசலால் நிறையக் கழுவி, இரத்தம் வடிய விட்டு, முதல் நாள் முழுக்கக் குளிர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். அன்றைக்குப் பல்லை நிரப்பக் கூடாது. அடுத்த நாள் போன் எடுத்து விசாரிக்க வேண்டியதும் கிளினிக்தான், நோயாளி இல்லை.

இதைத் தடுக்கிற பொருள் ஒன்றும் விலையுயர்ந்தது இல்லை. நுனி மூடி, பக்கவாட்டில் ஓட்டை உள்ள 30 ஆம் இலக்க ஊசியே போதும். அதில் ஒரு றப்பர் வளையம் போட்டு, கால்வாய் நீளத்துக்கு 2 மில்லிமீற்றர் குறைவாக நிறுத்தி, மேலும் கீழும் அசைத்தபடி மெல்ல விட வேண்டும். கதிரையில் படுத்திருப்பவருக்கே இது தெரியும்: ஊசி அசைகிறதா, ஓரிடத்தில் குத்தி நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆனால் அதிகம் பேருக்கு வருவது நாலாவது வகை. சிகிச்சை முடிந்த இரவோ அடுத்த ஓரிரு நாளிலோ பல் துடிக்கத் தொடங்கும், கடித்தால் உயிர் போகும், கன்னம் ஏறும். வேர் நுனியில் நாள்பட்டுச் சத்தமில்லாமல் கிடந்த சீழ்க்கட்டி கிளறப்பட்டிருக்கும். அல்லது கால்வாய் ஒன்று தவறியிருக்கும். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நாலாவது கால்வாய் ஒன்று ஒளிந்திருப்பது சர்வசாதாரணம். அல்லது தற்காலிக அடைப்பு மூன்றரை மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாமல் கசிந்திருக்கும். அல்லது அடைப்பு மேடாக இருந்து ஒவ்வொரு கடிக்கும் பல்லை இடித்திருக்கும். கடைசியாகச் சொன்னதைப் பிடிக்க ஒரு நீலக் கடதாசி போதும். பற்களுக்கிடையில் வைத்துக் கடிக்கச் சொன்னால் உயர்ந்த இடம் நீலமாகும், அதைத் தேய்த்துவிடலாம். அரை நிமிட வேலைதான், ஆனால் கடைசி நோயாளி என்றால் மறந்துவிடுகிறார்கள்.

இந்த நாலாவது வகை திறமான டொக்டரின் கையிலும் வரும். வீங்கினதற்காகக் கிளினிக்கைத் திட்டுவதில் நியாயமில்லை. வீங்கினவர் போன் எடுத்தால் என்ன பதில் வருகிறது என்பதில்தான் புள்ளி போகிறது. வழக்கமான பதில்: 'பார்மசியில அமொக்சிசிலின் வாங்கிப் போடுங்கோ, கிழமை முடிய வாங்கோ.' மூடிக் கிடக்கிற பல்லுக்குள் சீழ் இருக்கும்போது அந்த அன்ரிபயோட்டிக் குளிசை அங்கே போய்ச் சேராது. செத்த கால்வாய்க்குள் இரத்த ஓட்டமே இல்லை. அன்றைக்கோ அடுத்த நாளோ பல்லைத் திறந்து, சீழை வடியவிட்டு, திரும்பக் கழுவி, கிருமி கொல்லும் கல்சியம் ஹைட்ரொக்சைட் மருந்து வைத்து மூட வேண்டும். ஈறில் மெதுவான கட்டி தெரிந்தால் அதையும் கீறி விட வேண்டும். பஞ்சை வைத்துத் திறந்தே விடுகிற பழைய முறையும் சரியில்லை, சாப்பாடும் கிருமியும் உள்ளே போகும். காய்ச்சல், பரவுகிற வீக்கம், உடல் சோர்வு இருந்தால்தான் அன்ரிபயோட்டிக். அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலும் பல்லுக்கு நேரடிச் சிகிச்சை கிடைக்கும்போது, நோய் எதிர்ப்புச் சக்தி குறையாத பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அன்ரிபயோட்டிக் தேவையில்லை என்றே சொல்கிறது. கட்டுப்பாடு இல்லாத நீரிழிவு உள்ளவர் கதை வேறு. அவர் வீங்கின அன்றே டொக்டரிடம் போக வேண்டும்.

நோவுக்கு 400 மி.கி. ஐபியூபுறோபின் சாப்பாட்டுக்குப் பிறகும், பனடோல் (பரசிட்டமோல்) இரண்டும் சேர்த்தால் நல்ல பலன். வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா, கர்ப்பம், இரத்தம் உறையாமலிருக்க மருந்து என்று ஏதாவது இருந்தால் ஐபியூபுறோபின் வேண்டாம். மாரி முடிகிற காலத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மார்கழி, தையில் இங்கே டெங்கு கூடும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால், டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை பனடோல் மட்டும்தான், 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் போகாமல். இதைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிற கிளினிக் இருந்தால் அதற்கு ஒரு புள்ளி கூடவே கொடுக்கலாம்.

வீட்டு வைத்தியத்தில் இளஞ்சூட்டு உப்புத் தண்ணி கொப்பளிப்பது நல்லது. கன்னத்தில் வெளியே சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம், சீழ் தோல் பக்கம் இழுபடும். கராம்பெண்ணெயை ஈறில் ஊற்றினால் ஈறுதான் வேகும்.

நாக்கு மேலே தள்ளப்படுகிறது, தாடைக்குக் கீழ் இரு பக்கமும் இறுகுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, வாய் இரண்டு விரல் அளவுக்கும் திறக்கவில்லை, கண் மூடுகிற அளவுக்கு வீக்கம். இதில் ஒன்று வந்தாலும் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. போதனா வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். மூச்சுப் பாதை அடைபட மணித்தியாலக் கணக்கே போதும்.

நாள் பார்த்துப் போவதிலும் விஷயம் இருக்கிறது. பல கிளினிக்குகள் பின்னேரம்தான் திறக்கின்றன. வெள்ளி இரவு முதல் தவணையை முடித்தால் வீக்கம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கும். பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். திங்களோ செவ்வாயோ எடுப்பதே நல்லது. நெடுந்தீவிலிருந்து வருகிறவர்கள் முதல் தவணைக்குப் பிறகு இரண்டு இரவு குறிகட்டுவான் இறங்குதுறைக்கு இந்தப் பக்கம் தங்கினால் நல்லது, இரவில் வீங்கினால் படகு இல்லை. சீழ் வடிந்துகொண்டிருக்கிற பல்லை ஒரே தவணையில் முடித்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். கால்வாய் உலர்ந்து நோ அடங்கிய பிறகே நிரப்ப வேண்டும். மருந்து வைத்து ஒன்று முதல் நாலு கிழமை காத்திருப்பது வழக்கம்தான்.

காசு பேசும்போது மொத்தத் தொகையில் எக்ஸ்றே, இடைத் தவணைகள், மேலே போடும் உறை எல்லாம் அடங்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இடையில் வீங்கி வந்தால் அந்தத் தவணைக்குத் தனிக் காசா என்று கேட்பவர் குறைவு. அதோடு இரவில் எடுக்கக்கூடிய இலக்கமும் கேட்டு வாங்க வேண்டும், வரவேற்பு மேசை இலக்கம் இரவில் மணி அடித்துக்கொண்டே கிடக்கும். எழும்பி வரும்முன் கடைசி எக்ஸ்றேயை போனில் படம் எடுத்து வைத்தால், அவசரப் பிரிவில் இருப்பவருக்கு எந்தப் பல், எதுவரை வேலை நடந்தது என்று அதைப் பார்த்தே விளங்கும்.