மொட்டை மாடியில் ஒரு ஹைட்ரஜன் ஹார்ன்: மூன்றாண்டு அனுபவம்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்றாண்டுகளாக ஒரு ஹார்ன் ஆன்டெனா, அதாவது புனல் வடிவ வானொலி அலைவாங்கி, வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. பால்வெளியில் பரவியுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 செ.மீ. அலைநீளத்தில், வெளியிடும் மெல்லிய இரைச்சலைப் பிடிப்பதுதான் அதன் ஒரே வேலை. 1951இல் ஹார்வர்டில் ஹெரால்ட் யூவனும் எட்வர்ட் பர்செலும் முதன்முதலாக அதைப் பிடித்ததும் ஒட்டுப்பலகையில் செம்புத் தகடு பொதிந்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு ஹார்னால்தான் என்பதால், என்னுடைய தெர்மக்கோல் ஹார்னைப் பற்றி எனக்குக் கூச்சம் கிடையாது.

அதன் அடிப்பகுதி 16 செ.மீ. அகலமுள்ள பழைய எண்ணெய் டின். பின்சுவரிலிருந்து 7 செ.மீ. தள்ளித் துளையிட்டு, எஸ்எம்ஏ என்ற சிறிய திருகு வகைக் கனெக்டரில் பற்றவைத்த 5 செ.மீ. செம்புக் கம்பியை உள்ளே நிறுத்தியிருக்கிறேன். டின்னுக்குள் அலை நீண்டு ஏறத்தாழ 28 செ.மீ. ஆகிவிடுகிறது; அதில் கால் பங்குதான் இந்த 7 செ.மீ. இது தெரியாமல் திறந்தவெளி அலைநீளத்தை வைத்துக் கணக்கிட்டு 5.3 செ.மீ. தூரத்தில் துளையிட்டதில் முதல் டின் வீணாயிற்று. டின்னின் வாயிலிருந்து நான்கு தெர்மக்கோல் பலகைகள் 75 செ.மீ. அகலம் வரை விரிகின்றன. உட்புறம் சமையலறை அலுமினிய ஃபாயில் ஒட்டியிருக்கிறது. இடையில் கேபிள் வைத்தால் அதிலேயே பாதி சிக்னல் போய்விடும் என்ற அச்சத்தில் நூஎலெக் நிறுவனத்தின் சாபேர்ட் சிக்னல் பெருக்கியைக் கனெக்டரிலேயே நேரடியாகத் திருகிவிட்டேன்.

சிக்னலைக் கணினிக்குக் கொண்டுசேர்க்க முதலில் வாங்கிய மலிவான டாங்கிள்தான் (யூஎஸ்பியில் செருகும் சிறு ரேடியோ வாங்கி) என்னை அதிகம் அலைக்கழித்தது. அதிர்வெண்ணுக்கு அளவுகோலாக இருக்கும் அதன் படிகம் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு, விலகியிருந்தது. தொலைக்காட்சி பார்ப்பவருக்கு அது பெரிய குறையன்று. ஆனால் ஹைட்ரஜன் மேகம் நம்மை நெருங்கினால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும்; அந்த மாற்றத்தை வைத்துத்தான் அதன் வேகத்தைக் கணக்கிடுகிறோம். இந்த அதிர்வெண்ணில் அது 71 கிலோஹெர்ட்ஸ் பிழையாகி, ஹைட்ரஜன் மேகத்தின் வேகத்தை வினாடிக்கு 15 கி.மீ. மாற்றிக் காட்டியது. போதாக்குறைக்கு, வெயில் ஏற ஏற அந்தப் பிழையும் நகர்ந்தது. மூன்று மாதப் பதிவுகளை நோட்டில் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, டிசிஎக்ஸ்ஓ படிகம் (வெப்பநிலை மாற்றத்தை ஈடுசெய்வது) உள்ள ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளுக்கு மாறிய பிறகே ஹைட்ரஜன் கோடு, அதாவது வரைபடத்தில் அந்த அதிர்வெண்ணை ஒட்டி எழும் முகடு, ஓரிடத்தில் நின்றது.

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை வானொலி வானியலுக்கெனப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் வெளித்தொல்லை குறைவு. எதிரிகள் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். மாடிப்படி எல்இடி விளக்கும் யூஎஸ்பி 3 ஹப்பும் அணைந்திருந்தால் வரைபடம் சுத்தமாக வருகிறது. மழைக்காலம் வேறு கதை. ஐப்பசி மழையில் ஃபாயிலும் டின்னும் சேரும் விளிம்பு விட்டுப்போய்விடும்; இரண்டு முறை முழுவதும் உரித்து ஒட்டியாயிற்று. தெர்மக்கோலை அணில் கொறிக்கும் என்பதையும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இதை நான் பிரித்துப் போடாததற்குக் காரணம் ஒரே ஒரு சோதனை. ஹார்னைத் தெற்கு நோக்கி 51 பாகை உயரத்தில் செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினால், மார்ச் நடுவில் காலை ஆறு மணிக்கும் செப்டம்பர் நடுவில் மாலை ஆறு மணிக்கும் அதன் முன்னே பால்வெளியின் மையம் கடந்து செல்கிறது. இரு வேளைகளிலும் பத்து நிமிடச் சராசரி எடுத்து, ஹைட்ரஜன் குறைவான வானப்பகுதியின் பதிவால் வகுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மார்ச் முகடு செப்டம்பர் முகட்டைவிட ஏறத்தாழ 280 கிலோஹெர்ட்ஸ் மேலே நின்றது. மார்ச்சில் பூமி வினாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் அந்தத் திசையை நோக்கி ஓடுகிறது, செப்டம்பரில் அதே வேகத்தில் விலகுகிறது. இரண்டுக்குமான வித்தியாசம்தான் அந்த 280. ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு எழுதியிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

படம் எடுக்கும் ஆசையில் யாரும் இதைச் செய்ய வேண்டாம். இதன் பார்வை ஏறத்தாழ 20 பாகை அகலம், அதாவது நாற்பது முழுநிலவுகளை வரிசையாக அடுக்கிய அளவு. அதற்குள் இருப்பதெல்லாம் ஒரே கோடாகத்தான் வரும். ஊட்டியிலுள்ள 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கியோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனாலும் அது 326.5 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதால் இந்தக் கோடு அதற்குத் தெரியாது, என் எண்ணெய் டின்னுக்குத் தெரிகிறது என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.

அடுத்த மழைக்கு முன் தெர்மக்கோலை எடுத்துவிட்டு அலுமினியத் தகட்டுக்கு மாறப்போகிறேன். டின் அதேதான்.