காற்றிழுக்கும் நொசில்: உருளைக்கிழங்குக்கு வாங்கலாமா?

கந்தப்பளைப் பக்கம் எங்கள் உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு நேர் கீழே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), அதை ஒட்டியே தண்ணீர் பிடிக்கும் பீலி. மேலே மருந்து அடித்தால் புகை அப்படியே கீழே இறங்கும். அடிக்காமல் இருக்கவும் வழியில்லை; பனிமூட்டமும் தூறலும் விடாமல் பிடித்தால் கருகல் நோய் ஒரு தோட்டத்தையே முடித்துவிடும். அதனால்தான் நுவரெலியாக் கடையில், தெளிகுழாயின் நுனியில் பூட்டும் இந்தக் காற்றிழுக்கும் நொசிலைக் கண்டதும் வாங்கினேன்.

கூம்பாகத் தெளிக்கும் பழைய கோன் நொசிலைவிட விலை கூட. என்னுடையது மஞ்சள் நிறம், 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.8 லீற்றர் விடும். பக்கத்தில் உள்ள சின்னத் துளைகளால் காற்றை இழுத்து, மருந்தைப் பெரிய துளிகளாக்குகிறது. துளியின் விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும், அதைக் காற்று சுலபமாகக் கொண்டுபோகாது. முன்பு தெளிகுழாயைச் சுற்றி நின்ற வெண்புகை இப்போது இல்லை. பீலியில் மருந்து வாடை குறைந்துவிட்டதாகக் கீழ்லயத்து அக்காவும் சொன்னார். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

சரி, நோய்க்கு எப்படி? இங்கேதான் கவனம் வேண்டும். கருகலுக்கு அடிக்கும் மேன்கோசெப் மருந்து பட்ட இடத்தைத்தான் காக்கும், இலைக்குள் ஓடாது. கருகலோ இலையின் அடியில்தான் வெள்ளையாகப் பூக்கிறது. பெரிய துளிகள் மேல் இலையிலேயே தங்கிவிடுகின்றன. மருந்து காய்ந்ததும் செடியை விலக்கிப் பாருங்கள்: உச்சியில் மருந்தின் மஞ்சள் நிறப் படிவு நன்றாகத் தெரியும், அடிக்கொத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிதான். அதனால் மெதுவாக நடந்து, வரிசையின் இரண்டு பக்கமிருந்தும் சாய்த்து அடிக்கிறேன். நேரம் கூடத்தான் எடுக்கிறது, ஆனாலும் அவசரப்பட்டால் இந்த நொசிலில் கிழங்கு தப்பாது.

கைப்பம்பு டாங்கியில் அழுத்தம் 2 பாருக்குக் கீழே போனால் விசிறிபோல் விரியும் தெளிப்பு சுருங்கி நடுவில் மட்டும் கொட்டுகிறது. வயதானவர்களுக்கு விடாமல் பம்ப் அடிப்பது கஷ்டம், பெட்டரி டாங்கி என்றால் பரவாயில்லை. மருந்துத் தூளை நன்றாகக் கரைத்து, துணியில் வடித்து ஊற்றுங்கள். அடைத்தால் பழைய பல் பிரஷ் போதும், வாய் வைத்து மட்டும் ஊதாதீர்கள்.

வீட்டையோ பீலியையோ ஒட்டித் தோட்டம் செய்கிறவர்கள் கட்டாயம் வாங்குங்கள். இதிலேயே முன்னும் பின்னும் சாய்ந்தடிக்கும் இரட்டை விசிறி வகையும் உண்டு. தண்டிலும் மருந்து படும் என்பதால் அடுத்த போகத்துக்கு அதைத்தான் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.