கூட்ஸ் வண்டிக்கும் கிரைண்டருக்கும் நடுவே ஒரு மைக்

எங்கள் வீடு வடசென்னைக் கொருக்குப்பேட்டையில், ரயில்வே கேட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. முதல் மாடியில் பத்துக்குப் பத்து அறை ஒன்று. பகலில் அது தம்பியுடையது, இரவு எட்டு மணிக்கு மேல் என்னுடையது. அங்கிருந்துதான் டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 எழுதுகிற பிள்ளைகளுக்கு யூடியூப் நேரலையில் தமிழ்ப் பாடம் எடுக்கிறேன். 200 கேள்வியில் 100 கேள்வி தமிழில் வருகிற தேர்வு அது. வகுப்பு முடிந்ததும் அதே பாடத்தைச் சுருக்கி ஒலிப்பதிவாகவும் போடுவேன். வேலைக்குப் போகிற பிள்ளைகள் மின்சார ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அவர்களுக்குப் பலகையும் கிடையாது, என் முகமும் கிடையாது. குரல் மட்டும்தான்.

இந்த வேலைக்கு இதுவரை இரண்டு யு.எஸ்.பி மைக் வாங்கியிருக்கிறேன். முதலாவது ஐந்து மாதம் ஓடியது, இரண்டாவது மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலாவது ஒரு மலிவான கண்டென்ஸர், அதாவது மெல்லிய சத்தத்தையும் கூர்ந்து கேட்கிற வகை மைக். பெயர் வேண்டாம், அதன்மேல் குற்றமும் இல்லை. பெட்டியில் '192 கிலோஹெர்ட்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒலியை வினாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிகிறது என்கிற கணக்கு அது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, அதைப் பதிவு செய்ய 48 போதும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. நேரலைக்கு நான் பயன்படுத்தும் ஓ.பி.எஸ் மென்பொருள் இன்றைக்கும் 48-இல்தான் இருக்கிறது.

முதல் வகுப்பிலேயே சாட்டில் ஒருவன் கேட்டான்: "அக்கா, மாவு ரெடியா?"

கீழே அம்மா மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறார். மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை கிரைண்டர் ஓடும். அது போக, யார்டில் கூட்ஸ் வண்டி கோத்துக்கொள்ளும் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். கண்டென்ஸர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டது. கிரைண்டரைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "உன் பாடம் முடியற வரைக்கும் என் மாவு காத்துகினு இருக்குமா?" என்றார். நியாயம்தான்.

இன்னொரு கூத்தும் உண்டு. அந்த மைக் பக்கவாட்டில் பேச வேண்டியது. நானோ ஐஸ்கிரீம் கோன் மாதிரி அதன் உச்சியைப் பார்த்து மூன்று வாரம் பேசியிருக்கிறேன். வாங்கியதும் முதல் வேலையாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கைச் சுற்றிச் சுற்றிப் பேசிப் பாருங்கள். எந்தப் பக்கம் காது, எந்தப் பக்கம் முதுகு என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வழி காட்டியவர் எங்கள் தெருவின் மைக்செட் அண்ணன். கல்யாணம், காது குத்து, கூழ் ஊத்துவது எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவர். ஒரு நாள் வகுப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாம்மா நீ, மைக்க ரெண்டு முழம் தள்ளி வெச்சிகினு கத்தினுகீற. வாயாண்ட வெச்சி மெதுவாப் பேசு, அது கேட்டுக்கும்."

மொத்த விஷயமும் அந்த ஒரு பேச்சில் இருந்தது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். என் மைக் மேசையில் 60 செ.மீ. தள்ளி நின்றது. அதை 30, 15, 7.5 என்று மூன்று முறை பாதியாக்கினால் குரல் 18 டெசிபல் ஏறுகிறது. கிரைண்டர் இருந்த தூரத்திலேயே இருக்கிறது. பிறகு மைக்கின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்தால் குரல் பழைய அளவுக்கு வரும், கிரைண்டர் அடங்கிப்போகும். 'டைனமிக் மைக் இரைச்சலை எடுக்காது' என்று பலர் சொல்கிறார்களே, அது முழு உண்மை இல்லை. டைனமிக் என்பது பெரும்பாலும் மேடையில் பிடிக்கிற வகை. அதற்குக் கண்டென்ஸரைவிட உணர்திறன் குறைவு, அதனால் நாம் பக்கத்தில் போய்ப் பேசியே ஆக வேண்டியிருக்கிறது. பாதி நன்மை அந்தக் கட்டாயத்தில்தான். கண்டென்ஸரையே மேசையில் பொருத்துகிற ஒரு மைக் கையில் மாட்டி வாயருகே கொண்டுவந்திருந்தால் அதுவும் ஓரளவு திருந்தியிருக்கும். ஆனால் அது என் மூச்சையும் சேர்த்துக் கேட்டது, எனக்குப் பொறுமை போய்விட்டது.

சரி, இரண்டாவது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். ப்ளூ யெட்டி மைக்குக்கு நான்கு விதமாகக் கேட்கும் வசதி உண்டு. மேசையின் இரு பக்கமும் ஆள் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு அது உதவும், தனியாகப் பேசுகிற எனக்கு எதற்கு? ஷூர் எம்.வி.7 என் பட்ஜெட்டில் இல்லை. சாம்ஸன் கியூ2யு, ஆடியோ-டெக்னிகா ஏ.டி.ஆர் 2100எக்ஸ் இரண்டும் கடைசிவரை நின்றன. இரண்டும் டைனமிக், இரண்டிலும் யு.எஸ்.பியும், மேடை மிக்சரில் மாட்டுகிற எக்ஸ்.எல்.ஆர் துளையும் சேர்ந்தே இருக்கின்றன. அன்றைக்குக் கையில் கிடைத்தது ஏ.டி.ஆர், வாங்கிவிட்டேன். முதல் மைக்கைப் போல மூன்று மடங்குக்கு மேல் விலை. மேடையில் பிடிக்கிற மைக் மாதிரிதான் இருக்கும், பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை.

டிரைவர் எதுவும் போட வேண்டியதில்லை. போனிலும் அப்படியே வேலை செய்கிறது. கோடையில் கரண்ட் போன இரவுகளில் போனில் செருகி வகுப்பை முடித்திருக்கிறேன், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அணி இலக்கணம். அடியில் ஹெட்போன் துளை இருக்கிறது, நம் குரல் தாமதம் இல்லாமல் நமக்கே கேட்கும். ஆரம்பத்தில் கூச்சமாக இருக்கும், அப்புறம் அது இல்லாமல் பேச முடியாது.

ஓ.பி.எஸ்ஸில் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய மைக் காலத்தில், கிரைண்டரை அடக்க 'நாய்ஸ் கேட்' போட்டிருந்தேன். குரல் ஓர் அளவுக்குக் கீழே போனால் கதவைச் சாத்திவிடும் கருவி அது. வார்த்தைக்கு வார்த்தை நடுவில்கூடக் கிரைண்டர் கேட்கக் கூடாது என்று, கதவு திறந்து நிற்கும் நேரத்தையும் நன்றாகக் குறைத்து வைத்தேன். அந்த வாரப் பாடம் குற்றியலுகரம். காடு, எஃகு, அரசு, பாக்கு, சங்கு, மார்பு என்று ஆறு வகைக்கும் உதாரணம் சொல்லிப் பதிவு செய்தேன். மறுநாள் கேட்டால் 'பாக்', 'சங்', 'மார்ப்'! கடைசி உகரம் அரை மாத்திரைதான் ஒலிக்கும் என்று நான் பாடம் நடத்த, மிச்சமிருந்த அந்த அரை மாத்திரையையும் கேட் விழுங்கியிருந்தது. நம் பேச்சில் பாதி வார்த்தை இப்படி மெலிந்துதான் முடிகிறது. தமிழில் பேசுகிறவர்கள் கேட்டை ரொம்ப இறுக்கினால் இந்தக் கதிதான்.

புது மைக் வந்ததும் கேட்டைத் தூக்கிவிட்டேன். இப்போது ஓ.பி.எஸ்ஸில் இரைச்சல் குறைக்கும் ஆர்.என்.நாய்ஸ், அதன்பின் குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் ஒன்று 3:1-இல், கடைசியில் ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாத லிமிட்டர், அவ்வளவுதான். சாதாரணமாகப் பேசும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொடுகிற மாதிரி வைத்துக்கொள்கிறேன். யாராவது தப்பான விடை போட்டு நான் கத்தினாலும் குரல் உடையாது. ஒலிப்பதிவுக்கு ஆர்.என்.நாய்ஸ்கூடப் போடுவதில்லை.

வாயருகே வைத்தால் வருகிற தொல்லை 'ப'. 'பப்பாளி' என்று சொல்லிப் பாருங்கள், காற்று போய் மைக்கில் அடிக்கும். நான் மைக்கை நேராக வைக்காமல் வாயின் ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கிறேன், மேலே ஒரு ஸ்பாஞ்ச் தொப்பி. கிட்டே போனால் குரலில் அடித்தொனியும் கூடும். எனக்குப் பிடித்திருக்கிறது, அம்மாவுக்கு ரேடியோ மாதிரி இருக்கிறதாம்.

இரண்டாவது மாதம் பதிவில் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டரில் அலைவரிசை வரைபடத்தைப் பார்த்தால் சரியாக 1,000 ஹெர்ட்ஸில் ஒரு முள். யு.எஸ்.பி ஒரு மில்லி வினாடிக்கு ஒரு முறை தகவலைக் கட்டுகட்டாக அனுப்புகிறது. அந்த மின்துடிப்பு கலந்தால் வினாடிக்கு ஆயிரம் அதிர்வாகக் காதில் விழும். நான்தான் ஒரு மலிவு ஹப்பில் மைக்கையும் போன் சார்ஜரையும் சேர்த்துச் செருகியிருந்தேன். லேப்டாப்பிலேயே நேராகச் செருகியதும் விசில் போய்விட்டது. 'ம்ம்ம்' என்று அடியில் ஓர் உறுமல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், எனக்கு அதிலேயே நின்றது.

அறைக்குச் செலவே செய்யவில்லை. இரும்பு பீரோ முதலில் கணகணவென்று எதிரொலித்தது. இப்போது பீரோ கதவைத் திறந்து, அம்மாவின் புடவை அடுக்கு என் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி உட்காருகிறேன். மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்கும். அந்தப் பக்கம்தான் அதற்குக் காது மந்தம், ரயிலும் அந்தப் பக்கம்தான். மே மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டில் வைத்து ஓட்டுகிறேன், கேட்பதில்லை.

கடல் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. தனியாக வாங்கிய மைக் கையின் ஸ்பிரிங் ஒன்றரை வருடத்தில் துருப்பிடித்துக் கிறீச்சிட ஆரம்பித்தது. தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கிறேன். மைக்கை மட்டும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டிபன் டப்பாவில் மூடி வைக்கிறேன். மழைக்காலத்தில் கண்டென்ஸர் பதிவில் படபடவென்று சத்தம் வந்தது, இதில் அந்தத் தொல்லை வரவில்லை.

எக்ஸ்.எல்.ஆர் துளையை மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறை தொட்டேன். தெருவில் சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றியபோது அண்ணனின் மைக் மக்கர் செய்ய, என்னுடையதை அவர் மிக்சரில் மாட்டினோம்.

ஆடி மாதத்தில் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் ஜன்னலுக்கு நேராகக் கட்டப்படும். அதற்கு எந்த மைக்கும் பதில் சொல்லாது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவேன்.

பழைய கண்டென்ஸரை விற்கவில்லை. தம்பி கானா பாடிப் பதிவு செய்ய அதைத்தான் கேட்கிறான். டைனமிக்கில் குரல் கொஞ்சம் மூடினாற்போல இருக்கிறதாம், மேல் ஸ்தாயியின் பளபளப்பு வரவில்லையாம். அவன் சொல்வது சரிதான், போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. அதனால் அவன் ராத்திரி இரண்டு மணிக்கு, கிரைண்டர் நின்று தெரு அடங்கிய பிறகு, போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு பாடுகிறான். கூட்ஸ் வண்டி வந்தால் நிறுத்தி, அது போனதும் அதே வரியை மறுபடி எடுக்கிறான்.