இலை விட்ருச்சேன்னு நம்பி மூங்கில் கன்னு வாங்கிராதீங்க

போன வைகாசில பள்ளத்தோரமா சும்மா கெடந்த ஒரு ஏக்கர்ல மூங்கில் வைக்கலாம்னு எறங்குனேன். 2017ல இந்திய வனச் சட்டத்த மாத்தி, காட்டுக்கு வெளிய வளர்ற மூங்கில மரக்கணக்குல இருந்து எடுத்துட்டாங்க, வெட்டறதுக்கு முன்ன மாதிரி தொல்லை இருக்காதுன்னு ஒரு தைரியம்தான். முள்ளில்லாத பால்கூவா (balcooa) ரகம், 12க்கு 12 அடி, 300 கன்னு. வீடியோ போடற ஒரு நர்சரிக்காரர்கிட்ட பேசுனேன், "நாலு மாசக் கன்னு சார், வேர் பாக்கெட்ட நெறச்சுருச்சு"ன்னாரு, ஒன்னு 45 ரூபா, ஆக 13,500, வண்டி வாடகை தனி. மொத்தத்தையும் முன்னாடியே ஜிபே பண்ணேன், அத நெனச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

எறக்குனப்ப பச்சைப்பசேல்னு இருந்துச்சு, எங்கப்பாவே "பரவால்லடா"ன்னாரு, அவரு வாயில அப்படி வர்றது வருஷத்துக்கு ஒருக்காதான். நட்டு பத்து நாள்ல இலை சுருள ஆரம்பிச்சுது. ஃபோன் பண்ணா "தண்ணி பத்தல சார்"ன்னாரு, அடுத்த வாரம் "தண்ணி அதிகமாயிருச்சு சார்"ன்னாரு, சொட்டுநீர்ல ஒரே அளவுதான் விட்டுட்டு இருந்தேன்! மூணாவது வாரம் கடுப்புல ஒன்ன புடிச்சு இழுத்தேன், சேத்துல குத்தி வச்ச குச்சியாட்டம் சடக்குனு வந்துருச்சு. ஒரு வேர் இல்ல. அருவா வெட்டுத் தடம் அப்படியே இருக்கு. இன்னும் இருபது புடுங்கிப் பாத்தேன், பதினேழு இதே கதை.

பக்கத்தூர்ல கூடை முடையற பெரியவர் ஒருத்தர்கிட்ட கொண்டுபோய் காட்டுனேன், சிரிச்சுட்டாரு. "தம்பி, வெட்டி நடற மூங்கில் போத்து தன் ஒடம்புல இருக்கற சத்துலயே தளிர் விட்ரும், வேர் அப்புறந்தான், அந்த சத்து தீர்றதுக்குள்ள வேர் வரலன்னா காஞ்சுரும். மண்ணுக்குள்ள கெழங்கு வைக்க அதுக்கும் மேல நாளாவும். அழகுக்கு வைக்கற மஞ்ச மூங்கில்னா குச்சிய பொதைச்சாலே வந்துரும், இது அப்படி லேசுல வராது"ன்னாரு. அதாவது வெட்டிச் சொருகி, தளிர் வந்த கையோட எனக்கு ஏத்தி விட்ருக்காங்க.

காசு கேட்டா "அம்பது கன்னு தர்றேன், வண்டி நீங்களே கொண்டாங்க"ன்னாரு. போகல. கடைசியா தப்பிச்சது 38. இந்த சித்திரைல மழை பேஞ்சதும் தெரிஞ்சவர் தோட்டத்து தூர்ல போன வருஷத்து மூங்கில் பன்னெண்ட கெழங்கோட தோண்டி, மூணடி உசரத்துல வெட்டி நட்டேன், பத்து பொழைச்சுருக்கு. ஆள் கூலி ஜாஸ்திதான், தோண்டறதுக்குள்ள முதுகு ஒடிஞ்சுருது. ஆனா தாய் தூர் பூத்திருந்தா அதுல எடுக்காதீங்க, கன்னுக்கும் அதே வயசுதான், அதுவும் பூத்து செத்துரும்.

நர்சரிலதான் வாங்குவேன்னா, கணுவுல வந்த இலைய பாக்காதீங்க, மண்ணுக்குள்ள இருந்து தனியா ஒரு குருத்து மொளைச்சு வந்திருக்கான்னு பாருங்க, அதுதான் கெழங்கு வச்சதுக்கு அடையாளம். வண்டில இருந்து எறக்கறதுக்கு முன்னாடியே நாலஞ்சு பாக்கெட்ட நீங்களே எடுத்து கிழிச்சுப் பாருங்க, "கன்னு கெட்டுரும் சார்"னு தடுத்தாங்கன்னா வண்டிய அப்படியே திருப்பி விட்ருங்க.