வால்ட் 88-இல் நிலத்தடி வீடு: நீண்ட நாள் கட்டிப் பார்த்த அனுபவம்

ஃபால்அவுட் 4 என்ற கணினி விளையாட்டுக்கு வால்ட்-டெக் வொர்க்‌ஷாப் என்ற கூடுதல் தொகுப்பு வந்தது 2016 ஜூலையில். வால்ட் 88 என்ற பெரிய நிலத்தடிக் குகையை நாம் கட்டிக்கொள்ள அது தருகிறது. இத்தனை ஆண்டு கழித்தும் புதிதாக இறங்குபவர்கள் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். குகையின் அளவைப் பார்த்ததும் கை பரபரக்கும். முதல் பகுதியைச் சுவரோடு சுவராக அறைகளால் அடைத்துவிடுவார்கள். இரண்டாம் பகுதிக்குப் போவதற்குள் திரையின் மேல்மூலையில் இருக்கும் அளவுப் பட்டை நிரம்பிவிடும், ஆட்டமும் திணறத் தொடங்கும். குகையில் பாதிக்கு மேல் பாறையாகவே விட்டுவையுங்கள். அழகும் அதில்தான் இருக்கிறது, ஆட்டத்தின் வேகமும் அதில்தான் இருக்கிறது.

20-ஆவது லெவலைத் தொட்டதும் வானொலியில் வால்ட் 88-இன் அவசர அலைவரிசை கேட்கும். வாசல் குவின்சி கல்குவாரியில். வெளியே கொள்ளையர்கள், குழியில் கதிர்வீச்சு. கதிர்வீச்சுக்கான மருந்துகளான ராட்-எக்ஸ், ராட்அவே இல்லாமல் போகாதீர்கள். உள்ளே போனதும் கட்டத் தொடங்கவேண்டாம். இடிபாடுகளை ஒவ்வொன்றாக உடைத்தெடுங்கள், அவை கட்டுமானப் பொருளாகத் திரும்பி வரும். யுரேனியப் படிவங்களை உடைத்தால் அணுப்பொருள் கிடைக்கும், பின்னால் அணு உலைக்கு அது வேண்டும். மற்றப் பகுதிகளின் வேலைமேசைகளை இயக்கிய பிறகுதான் முழுக் குகையும் உங்கள் கைக்கு வரும். வரைபடத்தை மனத்தில் போட்டுக்கொள்வது அதற்குப் பிறகு.

அறைகளை எப்போதும் ஒரே தொடக்கத் துண்டிலிருந்து நீட்டிக்கொண்டே போங்கள். இரண்டு மூலையில் தனித்தனியாக ஆரம்பித்து நடுவில் இணைக்கப் பார்த்தால் ஒட்டாது. ஒவ்வொன்றும் தன் தொடக்கத் துண்டின் கட்டத்தையே பின்பற்றுகிறது. இரண்டு கட்டங்களும் அரையடி தள்ளி நின்றாலும் இடைவெளி தெரியும். ஏட்ரியம் என்ற உயரமான கூடத்தை முதலில் வையுங்கள், சிறு அறைகளும் நடைபாதைகளும் அதிலிருந்து கிளைக்கட்டும்.

மின்சாரத்தில் பலர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். சூப்பர் ரியாக்டர் என்ற அணு உலை 500 அலகு தரும். ஆனால் சாதாரண விளக்குகள் அலகு எதையும் தின்பதில்லை, மின்வீச்சு எல்லைக்குள் இருந்தாலே எரியும். மின்சாரம் இழுப்பவை லேசர் வகைத் தானியங்கித் துப்பாக்கிகள், மின்சாரத் தண்ணீர்ப் பம்புகள் போன்றவைதான். தொடக்கத்தில் 10 அலகு தரும் பெரிய ஜெனரேட்டர் இரண்டு போதும். அதன் இரைச்சல் காதைத் துளைக்கும் என்பதால் குகையின் ஓரத்தில் வைத்து ஒயர் இழுங்கள், ஒரு ஒயருக்கு ஒரு செம்புதான் செலவு. வால்ட் சுவரில் ஒரு மின்குழாயைப் பொருத்தி அதில் ஒயரைக் கட்டினால், ஒன்றோடொன்று ஒட்டிய அறைகளுக்குள் தனி ஒயர் இல்லாமலே மின்சாரம் பாயும். ஓர் அறை மட்டும் இருட்டாக இருந்தால் அது சரியாக ஒட்டவில்லை, அல்லது உள்ளே மின்குழாய் இல்லை.

குடியேறுபவர்களின் உச்சவரம்பு 10, அதோடு உங்கள் கதாபாத்திரத்தின் கரிஸ்மா என்ற வசீகரப் புள்ளி. கரிஸ்மா 10 என்றால் 20 பேர். ஒருவர் 6 அலகு உணவுப் பயிரைக் கவனிப்பார். மட்ஃப்ரூட் செடி ஒன்றுக்கு 1 அலகு, சோளமும் டாட்டோவும் பாதிதான், அதனால் இடம் மிச்சம் பிடிக்க மட்ஃப்ரூட்டே சரி. வால்ட் தரையில் பயிர் நிற்காது, மண் தெரியும் குகைத் தரையில் நடுங்கள். மின்பம்பு 4 அலகு வாங்கி 10 அலகு தண்ணீர் தரும், அதற்கும் மண் வேண்டும். பாதுகாப்பு எண், உணவையும் தண்ணீரையும் கூட்டிய எண்ணைவிடக் குறையக்கூடாது.

இனி அலங்காரம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மலேசியாவின் பத்துமலைக் குகைக்கோயிலில் 272 படி ஏறி உள்ளே நுழைந்ததும் மேலே பாறை திறந்து ஒளி இறங்குமே, அந்த உணர்வை இங்கே கொண்டுவரலாம். நடைபாதையை வேண்டுமென்றே தாழ்வாக, மங்கிய விளக்கோடு வைத்து, அதன் முடிவில் ஏட்ரியத்தைத் திறந்துவிடுங்கள். ஏட்ரியத்தின் ஒரு பக்கம் சுவர் போடாமல் பாறை தெரியட்டும், பாறையடியில் இரண்டு விளக்குகள் போதும். ஒரே அறையில் விளக்கைக் கொட்டினால் சில அணைந்து அணைந்து எரியும், நிழலும் துடிக்கும். விளக்கைக் குறைப்பதுதான் அதற்கு மருந்து.

கடைத்தெருவுக்கு நம்மூர் அஞ்சடி, அதாவது கடைகளின் முன்னால் கூரையோடு போகும் நடைபாதை, நல்ல மாதிரி. கடைகளைச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்து, முன்னால் கூரையோடு நடைவழி விடுங்கள். கடை போட லோக்கல் லீடர் திறனின் இரண்டாம் படி தேவை. நடைவழியின் நடுவில் மேசை நாற்காலி போடாதீர்கள். ஆட்கள் அதில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். கோடியில் நாலு மேசையும் ஒரு கல்லாவும் வைத்தால் மாமாக் கடை என்ற நம்மூர்ச் சாப்பாட்டுக் கடையின் களை வந்துவிடும். வேஸ்ட்லேண்ட் வொர்க்‌ஷாப் என்ற இன்னொரு தொகுப்பு இருந்தால் நியான் பலகையும் மாட்டலாம். தமிழ் எழுத்து அதில் கிடையாது, அது எனக்குப் பெரிய குறைதான்.

தீபாவளிக்கு பேரங்காடிகளில் போடும் அரிசிக் கோலம் போலத் தரையில் தட்டு, கோப்பை, புட்டிகளை அடுக்க ஆசை வரும். கையால் வைத்த பொருள்களுக்கு எடையும் அசைவும் உண்டு. நீங்கள் வெளியே போய்த் திரும்பி, இடம் மறுபடி ஏறும்போது அவை துள்ளிச் சிதறும். யாராவது நடந்தால் உதைபடும். கட்டுமானப் பட்டியலிலிருந்து வைத்தவை அசையாது. அதனால் கோலத்துக்குச் சிறு விரிப்புகளையும் படச்சட்டங்களையும் பயன்படுத்துங்கள். சட்டம் தரையில் பொருந்த மறுத்தால், சுவருக்குள் அலமாரி போக மறுத்தால், கம்பள வித்தை இருக்கிறது. சிறு கம்பளம் ஒன்றை விரித்து, வேண்டிய பொருளை அதன் மேல் வையுங்கள். கம்பளத்தின் மேல் குறிவைத்துத் தேர்வு விசையை அழுத்திப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து எழும்பும். இப்போது ஆட்டம் கம்பளம் மோதுகிறதா என்று மட்டுமே பார்க்கும், மேலிருக்கும் பொருள் சுவருக்குள் நுழைந்துவிடும். இடம் சரியானதும் கீழே வைத்து, கம்பளத்தை மட்டும் ஒரே தட்டில் தேர்ந்தெடுத்து எடுத்துவிடுங்கள். விசையைப் பிடிக்காமல் தட்டினால் கம்பளம் தனியாக வரும், பலரும் தவறுவது இங்கேதான்.

அளவுப் பட்டை நிரம்பிவிட்டால், பையிலிருந்து துப்பாக்கிகளைத் தரையில் போட்டு, கட்டுமான நிலையில் ஒவ்வொன்றையும் வேலைமேசைக்கு அனுப்புங்கள். நீங்கள் எதையோ இடித்ததாக ஆட்டம் எண்ணிப் பட்டையைக் குறைக்கும். இதை இரண்டு மூன்று முறைக்கு மேல் நீட்டினால் கணினிதான் விலை கொடுக்கும். பட்டை குறைந்தாலும் பாரம் குறைவதில்லை.

கணினியில் ப்ளேஸ் எவ்ரிவேர் என்ற மோட் (ரசிகர்கள் செய்த மாற்றம்) இருந்தால் கம்பள வித்தையே தேவையில்லை. அது எஃப்4எஸ்இ என்ற துணை நிரலை நம்பி ஓடுகிறது. 2024 ஏப்ரல் 25 புதுப்பிப்பு வந்தபோது அப்படிப்பட்ட மோட்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றன. ஸ்டீமில் ஆட்டத்தின் பண்புகளுக்குள் போய், தொடங்கும்போது மட்டும் புதுப்பிக்கும்படி மாற்றிவிட்டு, எஃப்4எஸ்இ வழியாகவே திறங்கள். எதையும் உடைக்கவிடும் ஸ்கிராப் மோட்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆட்டம் முன்கூட்டியே சேர்த்து வைத்த உருவத் தொகுப்புகளை அவை கலைத்துவிடும், பிறகு பாறைகள் மின்னி மறையும், வேகமும் படுத்துவிடும்.

கோலாலம்பூரில் சாயங்கால இடிமழையில் மின்சாரம் ஒரு நொடி போனாலும் எழுதிக்கொண்டிருந்த சேமிப்புக் கோப்பு கெட்டுப்போகும். தானியங்கிச் சேமிப்பை மட்டும் நம்பாமல் மூன்று தனிக் கோப்புகளில் மாறி மாறிச் சேமியுங்கள். வானம் இருட்டினால் கம்பள வித்தையைத் தொடங்குவதற்கு முன்பே ஒன்று.