பாஸ்டனா, ஸ்ரீரங்கப்பட்டணமா?

பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பறைச் சுவரில் பழைய செப்புத்தகட்டுச் செதுக்கோவியம் ஒன்றின் பிரதியை மாட்ட வேண்டும். ஒன்றுக்குத்தான் இடம். இரண்டு படங்களை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் தடுமாறினேன்.

முதலாவது, அமெரிக்க வெள்ளித்தட்டார் பால் ரிவியர் செதுக்கிய பாஸ்டன் துப்பாக்கிச்சூடு. 1770 மார்ச் 5 இரவு பிரிட்டிஷ் படைவீரர்கள் சுட்டதில் ஐந்து பேர் மாண்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் படம் விற்பனைக்கு வந்துவிட்டது. மூல ஓவியம் ஹென்றி பெல்ஹாமுடையது. தன் படைப்பை ரிவியர் எடுத்துக்கொண்டதாக அவர் மனம் நொந்து கடிதமே எழுதினார். படத்தில் வீரர்கள் ஒரே வரிசையில் நின்று சுடுகிறார்கள். பின்னால் அதிகாரி வாளை ஓங்கி ஆணையிடுகிறார். நடந்ததோ பனிக்கட்டியும் தடியும் பறந்த கலவரம். அந்த அதிகாரி, கேப்டன் பிரஸ்டன், அதே ஆண்டு நீதிமன்றத்தில் விடுதலையானார். சுங்க அலுவலகத்தின் மேல் 'கசாப்புக் கூடம்' என்று ஒரு பலகையையும் ரிவியர் மாட்டியிருக்கிறார்! கோபத்தில் செதுக்கியது, உற்றுப் பார்த்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளையே குற்றம் கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது அப்படியில்லை. திப்பு சுல்தானின் மகன்கள் இருவரைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே பிணையாகப் பெற்றுக்கொள்ளும் 1792ஆம் ஆண்டுக் காட்சி. மாதர் பிரவுன் தீட்டியதை டேனியல் ஓர்ம் செதுக்கினார். கம்பெனிப் படையோடு வந்து நேரில் பார்த்து வரைந்தவர் ராபர்ட் ஹோம். பிரவுனோ இந்தியாவில் காலே வைக்காதவர். திப்புவின் அந்த மகன்களுக்குப் பத்து, எட்டு வயதுதான் இருக்கும். போரில் தோற்ற திப்புவிடம் பாதி நாடும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் கேட்டு, அதற்கு ஈடாகப் பிடித்து வைத்த குழந்தைகள். 1794இல்தான் தகப்பனிடம் திரும்பினார்கள். படத்திலோ கனிந்த முகத்தோடு ஒரு பிரபு குழந்தைகளை வரவேற்கிறார். அந்தக் கனிவுதான் என்னை உறுத்துகிறது. ரிவியரின் பலகையை விரல் வைத்துக் காட்டலாம்; இதை எங்கே தொட்டுக் காட்டுவது?

ஆனாலும் இரண்டாவதையே மாட்டுகிறேன். திருநெல்வேலிப் பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் உரிமையை ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி பெற்றதும் அதே 1792இல்தான். அந்தக் கிஸ்தித் தகராறு வளர்ந்துதான் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது கயத்தாற்றைக் கடக்காத பிள்ளை என் வகுப்பில் இல்லை. பாஸ்டன் படத்தை முதல் நாள் மட்டும் கையில் கொடுத்து, கண்ணைப் பழக்கிக்கொள்ளச் சொல்வேன்.