லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து படகு வரை: ஐ-10 சாலையில் எங்கள் அனுபவம்

எங்கள் பாய்மரப் படகு கோடை முழுவதும் ஃப்ளோரிடாவில், செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸில் கரையேறி நிற்கும். அட்லாண்டிக்கின் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அது முடியும் தறுவாயில் நானும் மனைவியும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வேனில் கிளம்பிவிடுவோம். விமானத்தில் அரை நாளில் போய்ச் சேரலாமே என்று கேட்காத நண்பர் இல்லை. பல ஆண்டுகள் போய்வந்த பிறகும் என் பதில் மாறவில்லை: படகுக்குத் திரும்புகிறவர் சாலை வழியே போவதுதான் சரி.

முதல் காரணம் சரக்கு. 12 வோல்ட் (துல்லியமாகச் சொன்னால் 12.8), 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றின் கொள்ளளவு சுமார் 1,280 வாட்-மணி. விமானப் பயணி கொண்டுபோக அனுமதிக்கப்படும் உச்சவரம்போ 160. ஆபத்து நேரத்தில் கொளுத்தும் சிக்னல் சுடர்களுக்கு விமானத்தில் எந்தப் பையிலும் இடமில்லை. வீட்டில் வைத்துத் தைத்த படகுப்பாய், பழுது பார்த்த சிறு எஞ்சின், தையல் இயந்திரம் என்று மற்றவையும் சேர்ந்தால் வேனே போதாது. அதோடு, படகு நிற்கும் பட்டறையில் நாங்கள் வேலை பார்க்கும் வாரங்களில் போல்ட்டுக்கும் பெயின்டுக்கும் தினமும் கடைக்கு ஓட வேண்டும். சொந்த வண்டி இல்லாதவர்கள் அங்கே படும் சிரமத்தைப் பார்த்திருக்கிறேன்.

வண்டி ஒரு ஹைப்ரிட் மினிவேன். முழுச் சுமையோடும் மலையேற்றத்தில் திணறவில்லை. ஆனால் கூரைப் பெட்டியைப் பொருத்தியதும் எரிபொருள் செலவு கூடுவது தெளிவாகத் தெரிந்தது. இப்போது பெட்டியைக் கழற்றிவிட்டோம். கதவோரம் ஒட்டியிருக்கும் சுமை வரம்பை மதிப்பதும், காலையில் டயர் சூடாகும் முன் காற்றழுத்தம் பார்ப்பதும் கட்டாயம். மாற்றுச் சக்கரம் வண்டியோடு வரவில்லை, தனியாக வாங்கினோம். மேற்கு டெக்சாஸில் அது இல்லாமல் போகவே கூடாது.

என் முழு மதிப்பெண் 12 வோல்ட் கம்ப்ரசர் குளிர்பெட்டிக்கு. காரில் இட்லி மாவையும் தயிரையும் காக்கிறது. படகில் ஏறியதும் அங்கேயும் அதே வேலை. வேனின் பின்பக்க மின்சாக்கெட்டில் இணைத்தபோது மட்டும் அடிக்கடி நின்றுபோனது. மெல்லிய வயரில் மின்னழுத்தம் குறைய, பேட்டரி தீர்ந்துவிட்டதாக எண்ணிப் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. பேட்டரியிலிருந்தே ஃபியூஸ் வைத்துத் தடித்த வயர் இழுத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இனி சாலை. சாண்டா மோனிகாவில் தொடங்கி ஜாக்சன்வில்லில் முடியும் ஐ-10 (இன்டர்ஸ்டேட் 10) நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 2,460 மைல். அதில் ஏறத்தாழ 880 மைல் டெக்சாஸ் மட்டுமே. பாம் ஸ்பிரிங்ஸ் அருகே காற்றாலைகள் தெரிந்ததும் ஸ்டியரிங்கை இறுகப் பிடியுங்கள், பக்கக்காற்று தள்ளும். நியூ மெக்சிகோவில் லார்ட்ஸ்பர்க்கை ஒட்டிய வறண்ட ஏரிப்படுகையில் புழுதிப் புயல் எழும். சிக்கினால் சாலையைவிட்டு நன்றாக விலகி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதையே வழியென்று நம்பி வந்து மோதுவார். இதை என் மனைவி ஒவ்வொரு முறையும் எனக்கு ஒப்பிக்கிறாள். ஒப்பிக்கட்டும், உயிர் காக்கும் பாடம் அது.

எல் பாசோவைத் தாண்டி சியரா பிளாங்காவில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்கள் அதைக் கையிலேயே வைத்திருங்கள். அங்கிருந்து மணிக்கு 80 மைல் அனுமதிக்கும் நீண்ட வெட்டவெளி. நாங்கள் 70-ஐத் தாண்டுவதில்லை. பால்மோரியா பூங்காவின் ஊற்றுக் குளம் திறந்திருந்தால் இறங்கி நீந்துங்கள். ஆண்டு முழுவதும் 72 முதல் 76 ஃபாரன்ஹீட் வரை இருக்கும் அந்தத் தண்ணீர் முதுகுவலியைக் கரைத்துவிடும். ஹூஸ்டனில் ஓர் இரவு தங்கி, பக்கத்து ஊரான பியர்லேண்டில் மீனாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவோம்.

லூசியானாவில் அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் நீளும் பாலம் இந்தப் பாதையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம். நாட்கணக்கில் பாலைவனம் பார்த்த கண்ணுக்கு இருபுறமும் நீரும் சைப்ரஸ் மரங்களும். அலபாமாவின் மொபீல் நகரச் சுரங்கப்பாதையை மாலையில் தவிர்த்துவிடுங்கள், நெரிசலில் பொறுமை போய்விடும்.

நாளுக்கு 500 மைலுக்கு மேல் ஓட்டாதீர்கள். சேர்ந்த மறுநாளே ஏணி ஏறி, படகின் அடிப்பாகத்தைத் தேய்த்துப் பெயின்ட் அடிக்க உடம்பில் தெம்பு வேண்டும். படகு நீரில் இறங்கி நாங்கள் பஹாமாஸ் பக்கம் போனபின் வேன் பட்டறையிலேயே நிற்கும். ஹைப்ரிட் வண்டியின் சிறிய 12 வோல்ட் பேட்டரி மாதக்கணக்கில் சும்மா நின்றால் இறங்கிவிடும். முன்கண்ணாடியின் உட்புறம் ஒரு சிறு சூரியத்தகடு வைத்து இணைத்துவிட்டுப் போகிறோம். திரும்பி வரும்போது ஒரே முயற்சியில் வண்டி கிளம்புகிறது.